மண்டைக்கோட்டையை நிக்கோட்டின் முற்றுகையிட்ட படலம்

வாழ்க, கோமுகி நீர் பாயும் கச்சிராயபாளையத்துக் கரும்புக்காட்டுக் காவலன், முழுக்கரும்பைக் கணுக்கணுவாய்ச் சிதைக்கும் கடைவாய்ப்பல் வேந்தன், பிறந்த பேத்தியை இன்னும் கையில் ஏந்தாப் பெருந்துயருற்ற ஆதிமூலம்.

அவன் பீடிப்புகைக்கு அஞ்சித் தாய்வீட்டுப் பிரசவமே வேண்டாமென்று நைனார்பாளையத்துப் புகுந்த வீட்டில் பிள்ளை பெற்ற மகள் சந்தியா, போனில் முரசறைந்திருந்தாள்: "பீடி நாத்தத்தோட வந்தா கொழந்தையத் தொட வுடமாட்டேம்பா."

அன்றே பீடிக்கட்டை வாய்க்காலில் வீசினான் வீரன். மூண்டது போர், அவன் மூளைமாநகரில். அந்நகரத்து நரம்பு வாயில்கள் அசிட்டைல்கோலின் என்னும் உள்ளூர்த் தூதன் தொட்டால் திறக்கக் கட்டியவை. நிக்கோட்டினோ, அத்தூதனின் சாயலில் வந்த வேற்றூரான். இத்தனை ஆண்டும் இழுப்புக்கு இழுப்பு நுரையீரல் வழியே நொடியில் ஏறிவந்து, கதவைத் தானே திறந்து, டோபமைன் என்னும் இன்பவெள்ளத்தை அணை திறந்தாற்போல் பாயவிட்டவன். அவனை வரவேற்கவென்றே நகரம் புதுப்புது வாயில்களை வேறு கட்டி வைத்திருந்தது. இப்போது அவன் வரவில்லை. அத்தனை வாயிலும், இலை போட்டும் சோறு வராத சம்பந்தி வீட்டார்போல் ஒரே நேரத்தில் கூச்சலிட்டன.

பேத்தியைக் காணப் புறப்பட்ட நன்னாளில், பஸ் ஸ்டாப்பிலே புகைக்கொடி பறக்க எதிர்ப்பட்டான் பக்கத்துக் காட்டு வேடியப்பன்.

"இன்னா மாமா, சும்மா நின்னுகினு இருக்கீங்க? ஒரு இழுப்பு இழுங்க. நாத்தம் பஸ்லயே போயிடும்."

வாயில்கள் ஆர்ப்பரித்தன. விரல் இரண்டு தாமாகவே விரிந்தன. அக்கணமே மடியிலிருந்து அஸ்திரத்தை உருவினான் ஆதிமூலம்: அப்பகைவனையே கன்னத்து வழியே சிறுகச் சிறுக அனுப்பி வாயில்களைச் சமாதானப்படுத்தும் நிக்கோட்டின் சுவிங்கம். "மெதுவா கடிச்சு, கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கங்க. சாறு முழுங்காதீங்க" என்றுதான் டாக்டரம்மா மந்திரம் ஓதியிருந்தார். கரும்புக்காட்டில் வளர்ந்த பல் அதைக் கேட்குமா? நறநறவென மென்றான், சாற்றை ஒருசொட்டு விடாமல் உறிஞ்சி விழுங்கினான், சக்கையைத் தூவெனத் துப்பினான், அடுத்ததை உரித்தான். வாயில்கள் அடங்கின; வேடியப்பன் பீடி வீணே கருகியது; கல்வராயன் மலையே வாகை சூட்டக் குனிந்த அந்த வேளையில், விழுங்கிய சாறு பழிதீர்க்க, வீரன் வயிற்றிலிருந்து எழுந்தது ஓர் இடி.

விக்கல்.

பஸ் குலுங்க விக்கி, பக்கத்து சீட்டார் எழுந்தோட விக்கி, நைனார்பாளையம் புக்கான். சந்தியா முகர்ந்து பார்த்தாள். நாற்றமில்லை. விண்ணோர் பூமாரி பொழிய, பேத்தி தாத்தன் கைகளில் அரியணை ஏறினாள். அவன் விக்கினான், அவள் துள்ளினாள். மீண்டும் விக்கினான், தெருவதிர வீறிட்டாள்.

"விக்கல் நின்னப்புறம் தூக்கிக்கப்பா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு, சந்தியா ஒரு சொம்பு தண்ணி கொடுத்தாள்.