ஆழமான மது

ஐரோப்பியர்கள் பாவம். திராட்சை மதுவைத் திராட்சையிலிருந்து தயாரிக்க வேண்டும் என்று நம்பி நூற்றாண்டுகளை வீணடித்தவர்கள். மதுவின் சுவை கட்டடத்தில்தான் இருக்கிறது என்ற மாபெரும் உண்மையை உலகுக்கு அளித்த பெருமை, சீனாவின் யிஞ்சுவான் நகரத்துச் சிமெண்டு வியாபாரி லுவோ ஷெங்தாங் அவர்களையே சாரும். ஹெலான் மலையடிவாரத்தில் அவர் முதலில் பதினான்கு கோபுரங்களை எழுப்பினார். பிறகு அகழி வெட்டினார். அதில் அன்னங்களை மிதக்கவிட்டார். வாயிலில் இரும்புக் கவச வீரர்களை நிறுத்தினார். எல்லாம் முடிந்த பிறகு, ஏதோ குறைகிறதே என்று யோசித்துத் திராட்சைக்கொடி நட்டார்.

அப்பேர்ப்பட்ட மாளிகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி யுன்சியாவோடும் மகள் ருயிலானோடும் வந்து இறங்கினார் ஹாவ் தேலின். அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வாத்தியார். அந்தத் தொழிலில் இருப்பவர்களின் நாக்கைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. "உன்னைவிட உன் செருப்பு நல்லா கிளட்ச் மிதிக்கும்" என்பது, அவர் அன்பு மேலிடும்போது மாணவர்களிடம் சொல்வது. லுவோவின் ஒரே மகன் பெய் என்பவனும் அந்த அன்புக்கு ஆளானவன்தான். தேர்வில் தோற்றுக்கொண்டே இருந்தான். பள்ளி வரவேற்பில் உட்கார்ந்திருந்த ருயிலானைப் பார்ப்பதற்காகவே தோற்றான் என்பது ஹாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பிள்ளைகள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். லுவோ மட்டும் பிடிகொடுக்காமல் இன்னும் "வாத்தியாரே" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து "சம்பந்தி" என்ற ஒரு சொல் உதிர்ந்தால் கல்யாணம். உதிராவிட்டால் ருயிலான் அழுவாள். மகள் அழுவதை மட்டும் ஹாவால் தாங்க முடியாது.

"இதோ பாருங்க," என்றாள் யுன்சியா வாயிலிலேயே. "எதைக் காட்டினாலும் 'ஆழமா இருக்கு'ன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக் கூடாது."

"எதைக் காட்டினாலுமா?"

"எதைக் காட்டினாலும். அப்புறம், கிளாஸ் இடிக்கும்போது உங்க கிளாஸ் அவரோடதைவிடத் தாழ்வா இருக்கணும். ஒரு நூல் உசந்துச்சு, திமிர் புடிச்ச குடும்பம்னு முடிவு கட்டிடுவாங்க."

"அப்பா, ப்ளீஸ்பா," என்றாள் ருயிலான்.

லுவோ தாமே சுற்றிக்காட்டினார். மண்டபத்துக் கூரை ஓவியத்தில் லுவோவின் தாயார், இரண்டு சித்திகள், சிமெண்டு ஆலையின் மேலாளர் ஆகியோர் சிறகு முளைத்துப் பறந்துகொண்டிருந்தார்கள். பளிங்குத் தேவதைகளின் உடை போதாது என்று ஒரு பெரிய அதிகாரி முகம் சுளித்ததால், ஆளுக்கொரு கம்பளிச் சால்வை போர்த்தப்பட்டிருந்தது. சுவரில் பொன்னிறச் சுருள்முடியோடு ஒரு பிரெஞ்சுப் பிரபு.

"நம்ம குல முதல்வர்," என்றார் லுவோ.

ஹாவ் வாயைத் திறந்தார். யுன்சியா கிள்ளினாள். "ஆழமா இருக்கு," என்றார்.

லுவோ பூரித்துப்போய் ஜன்னல் வழியாக அகழியைக் காட்டினார்.

"ஆழமா இருக்கு."

"இல்லையே, முழங்கால் அளவுதான். அன்னமெல்லாம் பிளாஸ்டிக், அதுக்கு இது போதும்."

சுவை பார்க்கும் கூடத்தில், தரை வரை தொங்கும் சரிகைத் துணி விரித்த நீண்ட மேசை. சுவர் முழுக்கத் தங்கப் பதக்கங்கள். லுவோவின் உறவினர்களும் இரண்டு வங்கி மேலாளர்களும் கண்ணை மூடிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வால் வைத்த கோட்டில் நின்ற பெய், "இது 'பதினான்காம் சக்கரவர்த்தி'. முதல்ல ஈரத்தோல் வாசம் வரும். அப்புறம் புகையிலை. அப்புறம் மழை நின்ன பாறை," என்றான்.

"திராட்சை எப்ப வரும் தம்பி?"

"அது... கொஞ்சம் பின்னாடி வரும் அங்கிள்."

ஹாவ் குடித்தார். இடது கண் தானாக மூடிக்கொண்டது. காதுமடல் துடித்தது. திராட்சை வரவில்லை. "ஆ... ழமா இருக்கு," என்றார். வங்கி மேலாளர்கள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் லுவோ தம் கோப்பையோடு எதிரே வந்தார். "வாத்தியாரே, உங்களுக்கு என் மரியாதை!" என்று கோப்பையைத் தாழ்த்தினார். ஹாவ் அதைவிடத் தாழ்த்தினார். "அட, நீங்க பெரியவங்க," என்று லுவோ இடுப்புவரை இறக்கினார். "மாளிகைக்காரர் நீங்கதான் பெரியவங்க," என்று ஹாவ் முழங்காலுக்கு இறங்கினார். லுவோ குந்தினார். ஹாவ் மண்டியிட்டார். கடைசியில் இரண்டு கோப்பைகளும் பளிங்குத் தரையில் உட்கார்ந்தன. அதற்குக் கீழே போக அந்த மாளிகையில் நிலவறைதான் இருந்தது.

பணிவில் தோற்க லுவோவுக்கு மனமில்லை. தவழ்ந்தபடியே பின்வாங்கினார். பின்பக்கம் மேசை. பின்னால் நகரும் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஹாவால் முடியாது. கூடவே தவழ்ந்து போனார்.

"நேரா வாங்க... நேரா... லேசா வலது ஒடிங்க... பின்னாடி பாருங்க முதலாளி, பிரேக்கு! பிரேக்கு!"

இருவரும் மேசைக்கு அடியில் போய்விட்டிருந்தார்கள். சரிகைத் துணிக்குள் ஏதோ உருண்டது. ஒரு பழைய ஃபிளாஸ்க். மூடி கழன்று, கருஊதா நிறத்தில் வெந்நீர் ஓடியது. மேலே பழங்கள் மிதந்தன.

"சத்தம் போடாதீங்க," என்றார் லுவோ வெளிறிப்போய். "கருங்கோஜிப் பழம் ஊறப் போட்ட தண்ணி."

"அப்ப உங்க கிளாஸ்ல இருக்கறது?"

"அதேதான்." லுவோ அவர் கையைப் பிடித்தார். "வாத்தியாரே, பொய் சொல்லாம சொல்லுங்க. என் மது எப்படி இருக்கு?"

துணியின் ஓரத்துக்கு வெளியே மகளின் புதுச் செருப்பு தெரிந்தது. பக்கத்திலேயே பெய்யின் பளபளப்பான காலணி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. 'ஆழமா இருக்கு' ஹாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் எதிரே, சொந்த மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த முகம், தேர்வில் தோற்றுவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மாணவனின் முகமாக இருந்தது. மாணவனிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பேட்டரித் தண்ணி மாதிரி இருக்கு முதலாளி," என்றார். "பேட்டரித் தண்ணி ஊத்தினா வண்டியாவது கிளம்பும்."

லுவோவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஹாவ் பயந்துபோனார். லுவோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தன் சொல்லலையே! அந்த பேங்க்காரருக்குக் குடிச்சதும் கண்ணுல தண்ணி கொட்டிச்சு. கேட்டா, மனசு நெகிழ்ந்துட்டேன்னார்!"

"அப்ப சுவர்ல அத்தனை பதக்கம்?"

"அதெல்லாம் கட்டடத்துக்குக் குடுத்தது. நீங்களாவது சொன்னீங்களே, சம்பந்தி."

"என்ன சொன்னீங்க?"

"நீங்களாவது சொன்னீங்களேன்னேன்."

"இல்ல, அதுக்கப்புறம்."

லுவோ ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றி நீட்டினார். "சம்பந்தி," என்றார். இந்த முறை மூடியை யாரும் தாழ்த்தவில்லை.

"என்னங்க, அங்க என்னதான் பண்றீங்க?" என்று மேலேயிருந்து யுன்சியாவின் குரல் நடுங்கியது.

"ஆழத்துல இருக்கோம்!" என்றார் ஹாவ்.

துணி விலகியது. ஒரு வங்கி மேலாளரின் தலை உள்ளே வந்தது. ஃபிளாஸ்க்கைப் பார்த்தது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்று கெஞ்சியது. "எனக்கும் ஒரு மடக்கு."

கல்யாணம் அதே மாளிகையில் அமர்க்களமாக நடந்தது. 'பதினான்காம் சக்கரவர்த்தி'யை விருந்தாளிகள் எல்லோரும் நின்றபடி வானளாவப் புகழ்ந்தார்கள். புகழ்ந்த கையோடு ஒருவர் பின் ஒருவராக மேசைக்கு அடியில் தவழ்ந்து மறைந்தார்கள். லுவோ இப்போது கட்டவிருந்த பதினைந்தாவது கோபுரத்தைக் கைவிட்டு, மேசையை நீட்டிக்கத் தச்சரை அழைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மாளிகையில் உண்மை பேச அந்த ஓர் இடம்தான் இருக்கிறதாம். அதிலும் நெரிசல் தாங்கவில்லையாம்.