ஆறு சேனலும் ஊமையான இன்ஸ்பெக்டரும்

பிள்ளைகளே, கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் அது தேவையா என்று உங்கள் அப்பாக்களில் பலர் யோசிக்க மாட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை. இரண்டு போதும் என்கிற இடத்தில் ஆறு கிடைத்தால் ஆறையும் எடுப்பேன். அப்படி எடுத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் மானம் போன கதை இது.

நான் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறேன். படிப்பு மூன்றாம் படிவம் வரை, அதாவது ஒன்பது வருடப் பள்ளி. துறைமுக வாசலில் லோரிகள் வரிசையில் காத்திருக்கும்போது மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். (நான் பெரிய ஆள் என்று மூன்றே மாதத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. வேறு யாருக்கும் தோன்றவில்லை.)

என் மகள் தர்ஷினி மட்டும் நம்பினாள். அப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளிகளுக்கான குறும்படப் போட்டிக்கு அவள் வகுப்பு ஒரு படம் எடுக்க முடிவு செய்தது. காணாமல் போன சாப்பாட்டு டப்பாவை ஒரு இன்ஸ்பெக்டர் தேடுகிற கதை. இன்ஸ்பெக்டர் அவள்தான், வசனம் எழுதியதும் அவள்தான். படம் பிடித்து எடிட்டிங் செய்ய யார் இருக்கிறார்கள் என்று மலர் டீச்சர் கேட்டதும் கையைத் தூக்கிவிட்டாள்.

"எங்க அப்பா செய்வாரு டீச்சர். அவருக்கு எல்லாம் தெரியும்."

அந்த வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா இன்ஜினியர், இன்னொரு பிள்ளையின் அப்பா வக்கீல். அவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் என் மகள் கொடுத்த வாக்கு அது. அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

படப்பிடிப்பில் நான் யாரையும் விடவில்லை. மழை வந்தால் மறுபடியும். மோட்டார் சைக்கிள் போனால் மறுபடியும். ஒவ்வொரு காட்சியும் பத்து, பதினைந்து தடவை. பிள்ளைகள் தூக்கத்திலும் வசனம் பேசினார்கள் என்று அவர்களுடைய அம்மாக்கள் புகார் சொன்னார்கள்.

கடைசியில், வெட்டி ஒட்டிய படத்தை ஒரே ஃபைலாக வெளியே எடுக்கிற வேலை. அதற்குப் பெயர் எக்ஸ்போர்ட். சத்தம் எத்தனை சேனல் வேண்டும் என்று கணினி கேட்டது. ஒன்றா, இரண்டா, ஆறா? ஆறு என்றால் சினிமா தியேட்டர் மாதிரி இடம், வலம், நடு, பின்பக்கம் என்று தனித்தனி ஸ்பீக்கரில் சத்தம் வரும். காசு ஒன்றும் அதிகம் இல்லை. இரண்டை எவன் எடுப்பான்? படத்தில் பள்ளிக்குப் பக்கத்தில் போகிற ரயிலின் சத்தத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்டேன். நாய் குரைப்பதை இரண்டு பக்கமும் வைத்தேன். பேச்சு நடுவிலிருந்துதான் வரவேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். அதனால் எல்லாருடைய பேச்சையும் நடு சேனலில் மட்டும் வைத்தேன். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அருமையாகக் கேட்டது. (மடிக்கணினிக்கு இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆறு சேனலையும் அதுவே இரண்டாகக் கலந்து கொடுத்தது எனக்குத் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த அப்பா அல்லவா!)

போட்டி நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் எங்கள் படம் ஓடத் தொடங்கியது. ரயில் இடப்பக்கம் வந்து வலப்பக்கம் போனது. சனங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் தர்ஷினி திரையில் வந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. படத்தில் விசிறி சுற்றுவது கேட்டது. நாற்காலி நகர்வது கேட்டது. பேச்சு மட்டும் இல்லை.

எனக்குப் பின்னால் ஒருவர், "ஊமைப்படமா?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர், "இல்ல லா, அவார்டு படம். நமக்குப் புரியாது" என்றார்.

நான் சவுண்ட் மேசையில் இருந்தவரிடம் ஓடினேன். "அண்ணே, வால்யூம் ஏத்துங்க."

அவர் ஏற்றினார். நாய் குரைத்ததில் மண்டபமே அதிர்ந்து ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

"பேச்சை எங்க வச்சீங்க பாஸ்?"

"நடுவுல."

"இந்த மெஷின் எதையும் கலந்து தராது பாஸ். இங்க ரெண்டு பக்கமும்தான் ஸ்பீக்கர் இருக்கு. நடுவுல சுவர்தான் இருக்கு."

ஏதாவது ஒரு காலிக் கொள்கலனில் ஏறி உட்கார்ந்தால் கப்பல் என்னை எந்த நாட்டுக்காவது கொண்டுபோய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையில் தர்ஷினி எழுந்தாள். திரையைப் பார்த்தபடி, திரையில் தன் வாய் அசைகிற அதே நேரத்தில், உரக்கச் சொன்னாள்.

"டப்பாவை எடுத்தது யாரா இருந்தாலும் வாயில குழம்பு வாசம் இருக்கும். எல்லாரும் ஊதுங்க!"

மண்டபம் சிரித்தது. அடுத்த வசனத்துக்கு இன்னொரு பிள்ளை எழுந்தது. திருடனாக நடித்த கவின் வாயில் கறிபாப் பலகாரத்தோடு ஓடிவந்து, "நான் இல்ல மேடம்!" என்று குழறினான். (குழம்பு வாசம் வேறு அடித்திருக்கும்.) பதினைந்து தடவை பேசிய வசனம், ஒரு சொல் தவறவில்லை.

மீ கோரெங் நூடுல்ஸ் விற்கிற கேண்டீன் ஆன்டியாக நடித்த பிள்ளை மட்டும் காய்ச்சலில் வரவில்லை. ஆன்டி திரையில் வருவதற்குள் தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

சொன்னேன். என்னால் முடிந்த அளவு பெண்குரலில், "இன்ஸ்பெக்டரம்மா, என் மீ கோரெங் மேல சத்தியமா நான் எடுக்கல!"

அன்றைக்கு அந்த மண்டபத்தில் அதற்கு விழுந்த கைதட்டல் வேறு எதற்கும் விழவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. படத்துக்குள் இருக்கும் சத்தத்துக்குத்தான் மதிப்பெண் என்று நடுவர் வருத்தத்தோடு சொன்னார். "இப்படி எழுந்து பேசுறது முன்னாடியே போட்ட திட்டமாம்மா?" என்றும் கேட்டார்.

"இல்ல அங்கிள், அப்பா எக்ஸ்போர்ட்ல தப்பு பண்ணிட்டாரு" என்றாள் என் மகள். "ஆனா ரயில் நல்லா ஓடுச்சுல்ல?"

நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். (வியர்வைதான்.)

தர்ஷினி இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். அவள் கைப்பேசியில் என் பெயர் அப்பா என்று இல்லை, கேண்டீன் ஆன்டி என்றுதான் இருக்கிறது. நான் அழைத்தால் தோழிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, "கேளுங்க, இதுதான் எங்க அப்பா" என்பாள். நானும் மீ கோரெங் மேல் ஒரு சத்தியம் செய்துவிட்டுத்தான், எத்தனை மணிக்கு வந்து அவளை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்பேன்.