அறுபத்தொரு டிகிரியில் நின்ற நிச்சயதார்த்தம்

ஆனைக்குட்டம்,
வைகாசி 28.

ஆலங்குளம், மதிப்பிற்குரிய சங்கிலிமுத்து அண்ணாச்சி அவர்களுக்கு,

ஆனைக்குட்டம் ஊர்க்காவலன் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுத ஆசைப்பட்டு இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் பயத்தில் அடித்துவிட்டேன், ஆகவே அண்ணாச்சி என்றே தொடங்குகிறேன். இங்கே நானும் என் மனைவி கருப்பம்மாளும் மகன் செல்வக்குமாரும் மகள் இசைவாணியும் நலம். நலம் என்பது உடம்பைப் பற்றி மட்டும் சொல்வது. நாலு நாளாக வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அங்கே தாங்களும் மதினி பொன்னுத்தங்கம் அவர்களும் மாப்பிள்ளை மகேஷ்குமாரும் நலந்தானே? முக்கியமாக, மாப்பிள்ளையின் மூக்கு நலமா?

கடந்த புதன்கிழமை பத்தரை மணிக்குத் தங்கள் வீட்டில் தட்டு மாற்றியிருக்க வேண்டிய நாங்கள், பன்னிரண்டு பத்துக்கு, ராகு காலம் தொடங்கிய பிறகு, நூல் சேலையும் வெறுங்காலும் தலை நிறையக் கரிசல் மண்ணுமாக வந்து இறங்கினோம். தாங்கள் சத்தம் போடவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க, மத்ததப் பொறவு பேசிக்கிடுவோம்" என்று மட்டும் சொன்னீர்கள். தட்டு மாற்றாமல் திரும்பிவிட்டோம். நீங்கள் நாலு வசவு வைதிருந்தால்கூட நிம்மதியாக வந்திருப்பேன். இந்தச் சம்பந்தம் விட்டுப்போனால் அதற்குக் காரணம் நான் ஒருவன்தான், என் மகள் இல்லை என்பதை என் கையெழுத்தில் தங்களுக்குத் தருவதற்காகவே இந்தக் கடிதம்.

தாங்கள் சிமெண்ட் வேலையில் இருந்தவர்கள், எங்கள் தொழிலின் பழக்கம் தெரிய நியாயமில்லை. நான் முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் போர்மேனாக இருந்தவன். எங்களுக்கு இரண்டே பயம்: அழுத்தம் ஒன்று, சூடு ஒன்று. மருந்தை இடித்து அழுத்தக்கூடாது, வெயில் ஏறிய பிறகு கலக்கக்கூடாது. விடிந்ததும் வேலை தொடங்கும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் முப்பத்தைந்தைத் தொட்டதும் "நிப்பாட்டுங்க" என்று நான் ஒரு குரல் கொடுத்தால், கையில் இருப்பதைப் பைய வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சீசன் நேரத்தில் முதலாளியே வந்து ஆர்டர் கெட்டுப்போகும் என்று கெஞ்சினாலும் நான் மறுபடி கதவைத் திறந்தது கிடையாது. அந்த முப்பத்தோரு வருஷத்தில் என் அறைக்குக் காலையில் வந்தவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து அறைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் செல்வக்குமார் போன தையில் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். டர்போ வைத்த பெட்ரோல் கார். சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறச் சொன்னால் மூச்சு வாங்கியது. சிவகாசியில் மணிமுத்து என்ற மெக்கானிக்கிடம் காட்டினோம். கெட்டிக்காரர்தான், ஆனால் பேச்சில் பதனம், ஜாக்கிரதை போதாது. "டர்போன்னா என்னண்ணாச்சி, காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுறது. அமுக்குனா சூடாகத்தான செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அழுத்தம், சூடு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒரு மனிதரால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சூடான காற்றில் வலு இருக்காதாம். அதைக் குளிர வைத்து உள்ளே அனுப்பத்தான் காரின் முன்னால் ரேடியேட்டர் மாதிரியே இண்டர்கூலர் என்று ஒன்று இருக்கிறதாம். எங்கள் காரில் இருப்பது சிறிசு, அதிலும் பாதி தூசி அடைத்துவிட்டது, கொஞ்சம் பெரிசாக மாற்றினால் சரியாகும் என்றார். உள்ளே போகிற காற்றின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் இருக்கிறது என்றார். மீட்டர் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதை டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு முன்னால், என் கண்ணுக்கு நேரே வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இண்டர்கூலர் தேர்ந்தெடுத்ததில் நடந்த தவற்றையும் மறைக்க விரும்பவில்லை. மணிமுத்து மூன்று எடுத்து வைத்தார். நடுவில் இருந்ததுதான் இந்த வண்டிக்குத் தோது என்றார். நான் மூன்றையும் தூக்கிப் பார்த்து, எது அதிகக் கனமோ அதை எடுத்துக்கொண்டேன். அது ஒரு வேனுக்குப் போட வந்ததாம். "பெரிசெல்லாம் நல்லதில்லண்ணாச்சி. காத்து அது பூராவும் நெறஞ்சு வாரதுக்குள்ள வண்டி தூங்கிரும். பின்னால இருக்க ரேடியேட்டருக்கும் காத்த மறைச்சிரும்" என்று அவர் கத்தினார், மகனும் கத்தினான். பாதுகாப்பு விஷயத்தில் சின்னது போதும் என்று வாழ்ந்தவன் இல்லை நான். பம்பரை அறுத்து அதை மாட்டினார்கள். மாட்டிய பிறகு காரைப் பார்த்தால் முன்பல் நாலையும் பிடுங்கிய ஆள் மாதிரி இருந்தது. மீட்டர் எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டதற்கு, வெளி வெயிலை விடப் பதினைந்து டிகிரி வரை கூட இருந்தால் கண்டுகொள்ளவே வேண்டாம், அது வெறும் காற்றுதான் என்றார். அந்தக் காற்றுக்கு அடுத்த வீட்டில் பெட்ரோல் குடியிருப்பதை அவர் யோசிக்கவில்லை. நான் பெரிய மனசு பண்ணி நாற்பத்தைந்து என்று எல்லை வைத்தேன்.

நிச்சயத்துக்குப் புறப்படும் நாளும் வந்தது. எங்கள் தொழிலில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. ஆகவே காரிலும் நாலு பேர்தான் என்று சொல்லி, கருப்பம்மாளின் தங்கச்சி பாண்டிச்செல்வியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மருந்து இருக்கும் இடத்தில் நூல் துணி தவிர வேறு ஆகாது. ஆகவே பட்டுச் சேலைகளைப் பையில் போட்டு அவளிடமே கொடுத்து, தங்கள் வீட்டில் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அவள் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். போதாக்குறைக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி வந்து, "மச்சான் வண்டி குளிர்ந்த பொறவு வருவாக" என்று தங்கள் உறவினர் நாற்பது பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மருந்து அறையின் வழக்கப்படி செருப்பு வேண்டாம் என்றதும் நான்தான். செல்போன் நாலையும் வாங்கிச் சோற்றுத் தூக்குக்குள் போட்டு டிக்கியில் வைத்துப் பூட்டியதும் நான்தான். தாங்கள் பதினோரு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்று மதினி வருத்தப்பட்டது நியாயம்.

சிவகாசி தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் ஏறியபோது மணி ஒன்பதரை. வெளியே முப்பத்தெட்டு. மீட்டர் நாற்பத்தாறு காட்டியது. நிப்பாட்டு என்றேன். செல்வக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிரும் என்று பார்த்தால் நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு என்று ஏறுகிறது. எங்கள் தொழிலில் வேலையை நிறுத்தினால் சூடு இறங்கும். இது நிறுத்தினால் ஏறுகிறதே என்று காரை விட்டு இறங்கினேன். முன்யோசனையாகக் கொண்டுவந்திருந்த கோணிச் சாக்கை ரோட்டோரத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, காரின் முன்பக்கம் முழுக்க இண்டர்கூலரை மூடிக் கட்டினேன். காற்றுப் பட்டால்தான் அது குளிரும் என்று மகன் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி புறப்பட்டோம். ஐம்பத்தேழு. நிறுத்தினேன். ஐம்பத்தொன்பது. இன்னொரு சாக்கையும் கட்டினேன், அரை மைல் போனோம், நிறுத்தினோம். அறுபத்தொன்று.

அதற்கு மேல் நான் சம்பந்தி வீடு, முகூர்த்தம், மரியாதை எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். எல்லோரையும் இறங்கச் சொல்லி, ஓடச் சொல்லி, ரோட்டுக்குக் கீழே புஞ்சை வரப்புக்கு அந்தப்பக்கம் முகம் மண்ணில் படப் படுக்கச் சொன்னேன். இசைவாணி தலையில் மல்லிகைப் பூவோடு அப்படியே படுத்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கருப்பம்மாள் மட்டும் படுக்க மாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்து, இருபத்தாறு வருஷத்துச் சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அப்படிக் கிடந்தோம். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டார். இல்லையென்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அப்போதுதான் எங்களைத் தேடி மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். காரைப் பார்த்ததும் பக்கத்தில் போய்ச் சாக்கை அவிழ்க்கத் தொடங்கினார். நான் வரப்புக்கு மேலே வந்து, விலகி வாங்க என்று கத்தினேன். "மாமா, ஓட்டுனாத்தான் குளிரும், நீங்க நிப்பாட்டி நிப்பாட்டித்தான் சூடாக்கியிருக்கீக" என்றார் அவர். கோயம்புத்தூர்ப் பம்பு கம்பெனியில் இன்ஜினீயராக இருக்கிறவர் சொல்கிறார், கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, வரப்புக்குப் பின்னால் குப்புறப் போட்டு, அவர் மேலேயே நானும் படுத்துவிட்டேன். கீழே கருவேல முள் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் மூக்கில் மதினி பார்த்த கீறல் அதுதான். அடிதடி நடந்ததாகப் பாண்டிச்செல்வி சொன்னதில் உண்மை இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மரியாதையாக, எழுந்திருக்கட்டுமா மாமா என்று கேட்டார். எழுந்து, இரண்டு சாக்கையும் கழற்றி எறிந்துவிட்டு, தனியாளாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார். நான் ரோட்டில் நின்று குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மைல் போய்த் திரும்பி வந்தார். மீட்டர் நாற்பத்தெட்டில் இருந்தது. அறுபத்தொன்று வரைக்கும் ஏற்றியது வெயிலுமில்லை, டர்போவுமில்லை, நான்தான் என்று அப்போது தெரிந்தது. என் மகள் என்னைப் பார்த்து அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அண்ணாச்சி, நான் பெண்ணைக் கொடுக்கிறவன், பணிந்து கேட்கிறேன். மறுநாளே மணிமுத்துவிடம் போய் நடுவில் இருந்த இண்டர்கூலரையே மாட்டச் சொல்லிவிட்டேன். வண்டி இப்போது மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறுகிறது. மீட்டரையும் என் பக்கத்திலிருந்து கழற்றிவிட்டேன். இனிமேல் எந்தக் காரைப் பற்றியும், எந்த டிகிரியைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன் என்று குலசாமி கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். கல்யாணத்தன்று நான் வாயை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து வருவேன். வேண்டாமென்றால் பஸ்ஸில் வருவேன். பயம் என்பது எனக்குச் சம்பளம் வாங்கிச் செய்த வேலை, வேலை முடிந்து மூன்று வருஷமாகியும் அதை நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக என் பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். அவள் ஒன்றும் அறியாதவள். மாப்பிள்ளையைப் பெண் பார்க்க வந்த அன்று பார்த்ததோடு சரி.

மதினிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும், விசாரிப்பும். தங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஊர்க்காவலன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இசைவாணியிடம் இதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, இதை அனுப்பவே வேண்டாம் என்கிறாள். மாப்பிள்ளை அன்று சாயங்காலமே போன் செய்து, மதினியைச் சமாதானம் செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டாராம். ஆவணியில் கல்யாணத்துக்கு மண்டபம் முதற்கொண்டு மாப்பிள்ளையும் இவளும் பார்த்து வைத்துவிட்டார்கள். நீங்களும் நானும்தான் இன்னும் பேசிக்கொள்ளாமல் இருக்கிறோம். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் கோயம்புத்தூர்க் காரும் டர்போதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். டீசலாம். அதில் இண்டர்கூலர் முன்னால்கூட இல்லை, எஞ்சினின் தலைமேலேயே, அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறதாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுல ஏசி நல்லா இருக்கும்ப்பா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, தாங்களும் கேட்க வேண்டாம். ஆனால் மேலே எழுதிய சத்தியம் என் மகனுடைய காருக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் எங்கே போனாலும், போய்ச் சேர்ந்ததும் அதில் காட்டுகிற எண்ணை எனக்கு மெசேஜில் அனுப்பச் சொல்லுங்கள். பேச வேண்டாம், விசாரிக்க வேண்டாம். எண் எவ்வளவு இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எண் வந்துவிட்டால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.