மூன்றாம் பக்கத்தில் வந்த மோலிக் குஞ்சுகள்

காலை ஆறு இருபது. வராந்தாவில் இருந்த பச்சைப் பிளாஸ்டிக் தொட்டியில், தண்ணீரின் மேல்மட்டத்தில், கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. டீ டம்ளரோடு குனிந்து பார்த்தேன். கொசுப்புழு என்று முடிவுசெய்ய ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. (அவசர முடிவு நிருபர் வேலைக்கு உதவும். வேறு எதற்கும் உதவியதாக எனக்குத் தெரியவில்லை.)

அந்த மழைக்காலத்தில் தருமபுரியிலிருந்து நான் டெங்கு செய்தியைத் தவிர எதுவும் அனுப்பவில்லை. தேங்காய் ஓடு, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று எழுதி எழுதி, தண்ணீர் நின்ற இடமெல்லாம் புழு தெரிய ஆரம்பித்திருந்தது. சேலம் அலுவலகத்தில் செய்திகளைப் பார்ப்பவர் முதல் நாள்தான் அலுத்துக்கொண்டிருந்தார்: “எழுதினது போதும்யா. புழு தெரியற மாதிரி ஒரு படம் அனுப்பு.”

தொட்டி என் மனைவி ஸ்டெல்லாவுடையது. தனியார் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருந்த அவள், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகப் பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வளர்த்த கறுப்பு மோலி மீன்கள் என் பொறுப்பில் இருந்தன. அதில் ஒன்று அவளைப் போலவே நிறைமாதம். மோலி முட்டையிடாது, குட்டி போடும். போட்ட குட்டியைத் தானே தின்றும்விடும்.

குழந்தை பிறந்த பிறகு அவள் வேலைக்குத் திரும்புவது என்றும், எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால் காலையில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வது என்றும் எங்களுக்குள் பேச்சு. மாமியார் இதை நம்பவில்லை. குழந்தை பாப்பிரெட்டிப்பட்டியிலேயே வளரட்டும் என்றார். கிளம்பும்போது ஸ்டெல்லா என்னிடம் சொன்னாள்:

“இந்த மோலிய ஒழுங்கா பாத்துக்குங்க. அதச் சொல்லித்தான் அம்மாகிட்ட நான் பேச முடியும். வயிறு பெட்டியாட்டம் ஆச்சின்னா தனித் தொட்டியில விடுங்க. நெறைய பாசி போடுங்க, குஞ்சு ஒளிஞ்சிக்கும். குட்டி போட்டதும் தாயை எடுத்துடணும்.”

வராந்தாவில் இருந்த அந்தப் பச்சைத் தொட்டியில் தனியாக விட்டேன். பாசியும் போட்டேன். புழுவைப் பார்த்ததற்கு முந்தின மாலை, மீன் மெலிந்து தெரிந்தது. தனியாக இருந்து ஏங்கிப்போய்விட்டது என்று பாவப்பட்டு, பெரிய தொட்டியில் மற்ற மோலிகளோடு விட்டேன். குஞ்சுகளைக் காப்பாற்ற அதைவிடச் சரியான காரியம் கிடையாது. குஞ்சு பிறந்திருந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வீடு வீடாகத் தண்ணீரைச் சோதிக்கும் டெங்கு தடுப்புப் பணியாளர் சாந்தி உள்ளே வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் பேப்பர்ல புத்தி சொல்றீங்க. சார் வூட்டுலயே புழுவாங்க?”

“புழுதானே? நல்லாப் பாருங்க.”

“பின்ன என்னாங்க? இந்தத் தெருவுல இவ்ளோ கொழுத்த புழுவ நான் பாத்ததே இல்லிங்க.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மருந்து ஊற்றப்போனவர், கூடத்தில் இருந்த பெரிய தொட்டியைப் பார்த்து நின்றார். “மருந்தே வேணாங்க. கெணத்துக்கெல்லாம் நாங்க மீனுதான் விடறோம். உங்ககிட்டயே இருக்குது. புடிச்சி விடுங்க, ஒரு நிமிசத்துல முடிச்சிடும்.”

புழுவைவிட, புழுவைத் தின்னும் மீன் நல்ல படம். வலையை எடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சி, பசியோடு இருக்கும் என்று அந்த மோலியைத்தான் முதலில் விட்டேன். அது யோசிக்கவே இல்லை. பின்னாலேயே மற்றவற்றையும் விட்டேன்.

மறுநாள் மூன்றாம் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் படம் வந்தது. ‘கொசுப்புழுக்களை விரட்டி விழுங்கும் மீன்கள்: தருமபுரியில் ஒரு முன்மாதிரி வீடு.’ பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பிவைத்தேன். ஸ்டெல்லாவுக்கும்.

அவள் உடனே கூப்பிட்டாள்.

“ஏங்க, இது நம்ம தொட்டிதானே?”

“ஆமா. படம் நல்லா வந்திருக்குதில்ல?”

“பெருசு பண்ணிப் பாருங்க. புழுவுக்குக் கண்ணு இருக்குது.”

பெரிதுபண்ணிப் பார்த்தேன். இருந்தது. இரண்டிரண்டாக, வட்டமாக, கேமராவைப் பார்த்தபடி.

“தாய் மீனு எங்க?” என்றாள்.

“அதுலதான் இருக்குது. நேத்துலருந்து நல்லா சாப்புடுது.”

பின்னால் மாமியார் குரல் கேட்டது. “என்னாவாம்டி?”

“குஞ்சு எல்லாத்தையும் தாய்க்கே போட்டுட்டாராம்மா.”

“போட்டுட்டு படம் வேற புடிச்சாரா?”

“ஆமாம்மா.”

“கொழந்த இங்கயே இருக்கட்டும்,” என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெரிய மீன்களை வெளியே எடுத்துவிட்டு, டீ வடிகட்டியோடு தொட்டி முன் உட்கார்ந்தேன். பாசியை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்த்ததில் ஏழு குஞ்சுகள் அகப்பட்டன. மீன் தீனியை விரலால் நசுக்கி மாவாக்கிப் போட்டேன். தினமும் படம் எடுத்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அனுப்பினேன். (பத்திரிகைக்கு அனுப்பவில்லை.) “அதே குஞ்சுதானா, கடையில வாங்கினதான்னு கேளு,” என்று மாமியார் சொன்னதாக ஸ்டெல்லா சொன்னாள்.

திருத்தம் போடச் சொல்லி சேலத்துக்குப் பேசினேன். “புழு இல்ல, மீன் குஞ்சுன்னு போட்டா நாளைக்கு ஒருத்தனும் தண்ணியக் கொட்ட மாட்டான். விடுய்யா,” என்றார் படம் கேட்டவர். சாந்தி அந்தப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, போகிற வீட்டிலெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மீன் கேட்டு வந்தார்கள். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். யாரிடமும் வாயைத் திறக்க முடியவில்லை.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழு குஞ்சுகளும் விரல் நீளம் வளர்ந்ததைக் காட்டி, ஸ்டெல்லா அம்மாவிடம் பேசிப் பேசி, குழந்தையோடு தருமபுரிக்கு வந்தாள். அவள் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் காலை, வாசலில் அவள் தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறான்.

“என்னடா?”

“சும்மாதான் மாமா.”

“அத்தை அனுப்பினாங்களா?”

“நீங்க சாப்பிட்டாச்சான்னு மட்டும் பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் அவன் போகவில்லை.

நான் பசிக்கிறது என்று சொன்னால், மாமியார் இன்றும் என் மகளைக் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துகிறார். அவளுக்கு இப்போது ஆறு வயது.