கோஸ்தான் பிரபு

புக்கிட் ரோத்தானில் பின்பக்கமாக நடந்தே முன்னுக்கு வந்த மனிதர் ஒருவர்தான். அவர் கோஸ்தான் பிரபு.

செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளுக்கு வழிகாட்டுவது அவர் வேலை. லோரியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவரின் கண்ணாடியையே பார்த்தபடி, "கோஸ்தான், கோஸ்தான்!" என்று கூவிக்கொண்டு அவரும் பின்பக்கமாகவே நடப்பார். திரும்பிப் பார்த்ததே கிடையாது. முதுகில் கண் இருக்கிறது என்று ஆலையில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நம்பினார்கள்.

'பிரபு' பட்டம் அவர் படித்த ஒரு பழைய புத்தகத்தால் வந்தது. விக்டோரியா ராணியின் அரண்மனையில் இருந்த ஒரு பிரபுவின் வாழ்க்கைக் கதை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் அந்தக் கதைதான்.

"மந்திரியா இருந்தாருங்க. கட்சி கவுந்துச்சு, பதவி போச்சு. ஆனா ராணி வந்தா வெள்ளைக் கோலைப் பிடிச்சிக்கிட்டு முன்னால கோஸ்தான்லயே போவாரு. ராணிக்கு முதுகு காட்டவே மாட்டாரு லா!"

"பின்னால படி இருந்தா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"பிரபு விழமாட்டாருங்க. படிதான் ஒதுங்கிக்கும்."

கடையே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். வீட்டில் நான் சொல்லும் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதி ஒய்.பி. வருவதாக ஏற்பாடு. கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர் நான். அவரை வாசலிலிருந்து அழைத்து வருவது என் உரிமை என்று புது ஜிப்பா தைத்து, கண்ணாடி முன் நின்று வணக்கம் சொல்லிப் பழகியிருந்தேன். தலைவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"செயலாளர் நாக்காலி, தண்ணியெல்லாம் பாத்துக்கட்டும். ஒய்.பி.யை நம்ம பிரபு கூட்டியாரட்டும்."

வெள்ளை பெயிண்ட் அடித்த மூங்கிலோடு, ஒய்.பி.யைப் பார்த்தபடி, அவர் பின்பக்கமாக நடந்து வந்தார். ஓரத்தில் திறந்த சாக்கடை. நான் மனமுருக வேண்டிக்கொண்டேன். அம்மன் காதில் விழவில்லை. சனமெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தது.

வழியனுப்பும்போது பிரபு கட்டளை போட்டார்.

"யாரும் ஒய்.பி.க்கு முதுகு காட்டாதீங்க! எல்லாரும் கோஸ்தான்!"

நிர்வாகக் குழுவே பின்பக்கமாக நகர்ந்தது. தலைவர் என் காலை மிதித்தார். சாக்கடையில் விழுந்தது நான் மட்டும்.

ஊரே சிரித்தது. ஒய்.பி. காரை நோக்கி நடந்தார். பிரபு நடக்கவில்லை. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஒரு பெரிய மனிதருக்கு முதுகைக் காட்டிவிட்டு, சாக்கடைக்கு ஓடி வந்தார்.

"செயலாளரே, மூங்கிலப் பிடிங்க."

மேலே ஏற்றிவிட்டார். அதோடு விடவில்லை. சேறு சொட்ட நின்ற என்னைப் பார்த்தபடி, குழாயடிவரை பின்பக்கமாகவே நடந்தார்.

"வழி விடுங்க லா! செயலாளர் வர்றாரு!"

கூட்டம் விலகியது. சிரிப்பும் நின்றது.

இப்போது அவர் ராவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே யாருக்கு முன்னால் நடக்கிறாரோ, தெரியாது. யாராக இருந்தாலும் அந்த ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.