பின் படலையால் வருபவர்

முன்வாசல் என்ற ஒன்றை மதிக்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கிளிநொச்சியில், எங்கள் சின்ன மென்பொருள் கந்தோரில், என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். படலை அண்ணை. பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளத் தாளில்தான் பார்க்கலாம்.

கந்தோருக்கு வருவது பின்வேலியின் சின்னக் கதவான படலையால். தேத்தண்ணிக் கடைக்குள் நுழைவது குசினியால். தன் கலியாணத்துக்கே சமையல் பக்கத்தால்தான் வந்தார் என்பார்கள், நான் நம்புகிறேன்.

ஏன் என்று கேட்டால், "ஒரு வாசல் மட்டும் உள்ள இடத்திலை நான் இருக்கமாட்டன் தம்பி. சண்டைக்குள்ளை ஓடித் திரிஞ்ச ஆக்களுக்குத்தான் தெரியும்" என்பார். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

ஜாவா என்ற கணினி மொழியில் எழுதும் நிரல் வழமையாக 'மெயின்' என்ற ஓரிடத்தில்தான் தொடங்கும். அவருக்குப் பொறுக்குமா? '@படலை' என்று ஒரு குறிப்பை உருவாக்கினார். எந்த வேலையின் தலையில் அதை எழுதினாலும் நிரலை அங்கிருந்தும் தொடங்கலாம். "எந்தப் படலையால் வாறியள்?" என்று கேட்டு ஒரு பட்டியலும் காட்டும்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கென்ன விசரா? கோயிலுக்குக்கூட இத்தினை வாசல் இல்லையடாப்பா! ஆக்களுக்குக் காட்டேக்கை மெயினாலை மட்டும் திற!"

வயல் கணக்குகளுக்கு நாங்கள் எழுதிய நிரலை வாங்கலாமா என்று வட்டக்கச்சிப் பக்கத்துக் கமக்காரர் சங்கம் ஒன்று பார்க்க வந்தது. அவர்கள் ஓமென்றால் கந்தோர் தப்பும். இல்லையென்றால் பூட்டிவிட்டு, நாங்கள் கொழும்புக்கு வேலை தேடி பஸ் ஏறவேண்டும்.

வெளியே நல்ல மழை. இணையம் போய்விட்டது. மெயினோ இணையத்தைத் தொடாமல் அசையாது. முதலாளியின் சேட்டு வேர்வையில் நனைந்தது.

"விடுங்கோ, பின்னாலை போவம்" என்று படலை அண்ணை எதையோ தட்டினார். சுவரில் பட்டியல் விழுந்தது: நெல். உரம். உழவு மெசின். கடைசியாக, 'முதலாளி வாறார்'.

சங்கத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்தார். "உதென்ன கடைசியிலை? திறவுங்கோ பாப்பம்."

அண்ணை திறந்தார். பச்சை எழுத்தில் இலக்கங்கள் தலைதெறிக்க ஓடின. அடியில், 'மும்முரமாக வேலை நடக்கிறது'. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "எங்கட ஆக்களுக்கும் உப்பிடி ஒண்டு போட்டுத் தாங்கோ. நான் திடீரெண்டு போனால் பாவங்கள் முழிக்கினம்."

பிறகு நெல் படலையால் உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இணையம் கடைசிவரை வரவில்லை. நிரல் எங்கேயும் நிற்கவில்லை. "இதையே எடுக்கிறம்" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது.

படலை அண்ணை இப்போது கனடாவில், மகளோடு. அந்தப் பனிக்குள் எந்தப் பக்கத்தால் நுழைகிறாரோ! அவர் இல்லாத கந்தோர் எனக்கு இன்னும் பழகவில்லை.

போன மாதம் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினோம். மேசன்மார் பின்பக்கத்தை அடைக்கப் போக, முதலாளி மண்வெட்டிக்கு முன்னால் ஓடிப்போய் நின்றார்.

"அதிலை படலைக்கு இடம் விடுங்கோ. அவன் வந்தால் முன்னாலை வரமாட்டான்."