சீர் சைக்கிளுக்கு வந்த சோதனை

சாலை பஜார்,
திருவனந்தபுரம்.

மதிப்புக்குரிய மச்சான் மகாராஜா அவர்களுக்கு, லிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பிரேமாவும் சுகம். சைக்கிளும் இப்போது சுகம். நடுவில் அது பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மலையடிவாரத்துக் கல்லாறு வரை மிதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, லாரியில் புது கியர் சைக்கிள் போட்டுவிடுகிறேன் என்றீர்களாமே. வேண்டவே வேண்டாம். அதற்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு ரப்பர், சுற்றிவர எவ்வளவு பிளாஸ்டிக்! பூமிக்கு வரும் கேட்டுக்கு, பொருளை வாங்குகிறவன்தான் பொறுப்பு. இதை ஹார்டுவேர் கடையில் நின்றுகொண்டே சொல்வதால் முதலாளி ஹரிகுமார் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. கல்யாணத்துக்கு நீங்கள் சீராகத் தந்த சைக்கிளிலேயே கல்லாறு போகாவிட்டால் என் பேர் லிங்கமில்லை என்று கடையில் சத்தியமும் பண்ணிவிட்டேன்.

அதற்காகச் செயின், டயர், ட்யூப் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி வாசலில் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன், அதுதான் வினை, ஏனென்றால் இந்த ஊரில் கழிவைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்கவேண்டும், அதை வீடு வீடாக வாங்க வரும் பச்சைக் கோட்டு ஞானபாய் சேச்சி அன்றைக்குப் பார்த்துத்தான் வந்தார், கழுவிக் காய்ந்து கிடந்ததையெல்லாம் உங்க தங்கச்சி சாக்குல அள்ளிப்போட்டுக் குடுத்துட்டா. சாயங்காலம் வந்து பார்த்தா வெறும் எலும்புக்கூடு நிக்குது. இத்ர விருத்தியா, அதாவது இவ்ளோ சுத்தமா, யாருமே தர்றதில்லன்னு சேச்சி சொன்னாங்களாம், அந்தப் பெருமை வேற இவளுக்கு.

கழிவு சேர்க்கிற ஷெட்டுக்கு ஓடினேன். செயின் கெடச்சுது. குவிஞ்சு கெடந்த டயர், ட்யூப்ல என்னோடது எதுன்னு எனக்கே தெரியல. சேச்சியும் கூட நின்னு தேடி, ஊர்க்காரங்க தூக்கிப்போட்டதுல நல்லதாப் பொறுக்கிக் குடுத்தாங்க. முன்னாடி செவப்பு, பின்னாடி கறுப்பு, கூடவே ஒரு பெல்லு. மாட்டி மிதிச்சேன் மச்சான், என்னமா போகுதுங்கிறீங்க! கிழக்கேகோட்டை வரைக்கும் சும்மாவே பெல்லடிச்சிக்கிட்டுப் போனேன்.

ஆகவே லாரியிலிருந்து சைக்கிளை இறக்கிவிடுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பூமியின் மேல் பொறுப்புள்ள
லிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சைக்கிள் வந்துவிட்டது. திருப்பி அனுப்பு என்றேன். "வாங்கினது எங்க அண்ணன், பொறுப்பு அவருக்கு. நான் ஓட்ட மட்டுந்தான் செய்வேன்" என்கிறாள் பிரேமா. பழுது இருக்கிறதா என்று பார்க்க நானும் ஒரு சுற்றுப் போனேன். சொர்க்கம், மச்சான். ஞாயிறன்று அவளும் அந்தப் புதுச் சைக்கிளில் கூட வருகிறாள். என் சத்தியம் கல்லாறு போவதற்குத்தான். திரும்பி வருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.